டிப்ரெஷன் மாத்திரையோடு சத்து மாத்திரை: சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதம் ஆனதும் பலருக்கும் ஒரு கட்டம் வரும். கொஞ்சம் தெளிவு வந்திருக்கும், ஆனால் முழுதாகச் சரியாகியிருக்காது, தூக்கம் ஒழுங்காக இருக்காது, உடம்பில் தெம்பிருக்காது. அந்த நேரத்தில்தான் ஒருவர் ஒமேகா-3 எடுத்துப் பாருங்கள் என்பார், இன்னொருவர் மக்னீசியம் என்பார், மூன்றாமவர் அஸ்வகந்தா என்பார். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். நாம் ஏற்கெனவே என்ன மாத்திரை எடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது, சிக்கல் அங்கேதான்.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். செர்ட்ராலின் என்ற டிப்ரெஷன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த சமயம், தூக்கம் வருவதற்கு நல்லது என்று கேள்விப்பட்டு 5-ஹெச்.டி.பி. என்ற காப்ஸ்யூலை வாங்கிப் போட்டேன். இரண்டாம் நாள் இரவு கை நடுங்கியது, சட்டை நனையும்படி வியர்த்தது, கால் தானாகத் துடித்தது. பதற்றம்தான் என்று நினைத்து இன்னொரு காப்ஸ்யூலைக் கையில் எடுத்துவிட்டேன், வீட்டில் இருந்தவர்கள் தடுத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" நான் சொன்ன பதில், "இல்லை." பொய் சொல்லவில்லை, அந்த காப்ஸ்யூல் ஒரு மருந்து என்பது என் மனதில் பதிந்திருக்கவே இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்: உடம்புக்குள் போய் ஏதோ ஒன்றை மாற்றுகிறது என்றால் அது மருந்துதான், டப்பாவில் இலை படம் இருந்தாலும் சரி, பழப் படம் இருந்தாலும் சரி. மருந்துக்குக் கொடுக்கும் கவனத்தை அதற்கும் கொடுத்தால் போதும், பயப்பட வேண்டியதில்லை. நிறைய சப்ளிமென்ட்களை இந்த மாத்திரைகளோடு தாராளமாக எடுக்கலாம், சிலவற்றைத் தொடவே கூடாது.

முதலில் உங்கள் மாத்திரை எது என்று பாருங்கள்

"டிப்ரெஷன் மாத்திரை" என்ற அளவில் தெரிந்தால் போதாது. அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், சிட்டாலோபிராம், ஃபுளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின், ஃபுளுவோக்சமைன் என்றால் அது எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. வென்லாஃபாக்சின், டுலாக்செட்டின் என்றால் எஸ்.என்.ஆர்.ஐ. வகை. அமிட்ரிப்டிலின், குளோமிப்ரமின் போன்றவை டிரைசைக்ளிக் என்ற பழைய வகை. மிர்ட்டாசபின், புப்ரோபியான், டிராசடோன் தனித்தனி ரகம். ஃபெனல்சின், டிரானைல்சிப்ரமின் என்றால் அது எம்.ஏ.ஓ.ஐ. வகை. இப்போது இவற்றை அரிதாகத்தான் எழுதிக்கொடுக்கிறார்கள், ஆனால் உங்களுக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம், ஒவ்வொரு சப்ளிமென்ட்டையும் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடுங்கள். அந்த வகையோடு டைரோசின், ஃபினைல்அலனின் போன்ற அமினோ அமிலப் பொடிகள் சேர்ந்தால்கூட ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிட வாய்ப்பிருக்கிறது.

மாத்திரையை நிறுத்திவிட்டோம், இனிக் கவலையில்லை என்றும் நினைக்கக் கூடாது. ஃபுளுவாக்ஸெட்டின் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், அதை நிறுத்தி எம்.ஏ.ஓ.ஐ. ஆரம்பிக்க ஐந்து வாரம் இடைவெளி விடுவது அதனால்தான். போன வாரம் நிறுத்தியது இந்த வாரமும் உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்

எல்லாம் என்றால் எல்லாமும்தான். மல்ட்டிவைட்டமின், புரோட்டீன் பவுடர், தூக்கத்துக்கான கம்மி (மென்று தின்னும் மிட்டாய் போன்றது), எடை குறைக்கும் காப்ஸ்யூல், முடிக்கான மாத்திரை, எனர்ஜி டிரிங்க், மூலிகை டீ, எப்போதாவது போடும் வலி மாத்திரை, இருமல் சிரப். டப்பாவின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் தகவல். பின்பக்கத்தில் உள்ள பொருட்களின் பெயர்களையும் மில்லிகிராம் கணக்கையும் அப்படியே எழுதுங்கள், முடியாவிட்டால் போனில் படம் எடுத்துவையுங்கள். "மூட் சப்போர்ட்", "ஸ்லீப் காம்ப்ளெக்ஸ்" என்று பெயர் வைத்த கலவைகளில் ஏழெட்டுப் பொருள் இருக்கும், நமக்கு ஆகாத ஒன்று ஐந்தாவது வரியில் இருக்கலாம். எழுதிப் பார்த்தால் ஒரே வைட்டமின் மூன்று டப்பாவில் இருப்பதும் அடிக்கடி தெரியவரும். வைட்டமின் பி6 இப்படித்தான் சேர்ந்துவிடும், அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் கை கால் நரம்புகளைப் பாதித்து மரத்துப்போகச் செய்யும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்த மூன்று கேள்வியைப் பிடித்துக்கொள்வது உதவும், நாளைக்குப் புதிதாக ஏதாவது வந்தாலும் இதே கேள்விகள்தான்.

முதல் கேள்வி, இதுவும் செரட்டோனினைக் கூட்டுமா? செரட்டோனின் என்பது நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனம், மனநிலையோடு தொடர்புடையது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள் நரம்பு செல் வெளியே விட்ட செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கின்றன. வெளியேறும் வழியைச் சுருக்கி வைத்த தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் இன்னொரு குழாயைத் திறந்துவிட்டால் வழியத்தான் செய்யும். 5-ஹெச்.டி.பி. அந்த இன்னொரு குழாய், ஏனென்றால் உடம்பு அதை ஒரே படியில் செரட்டோனினாக மாற்றிவிடும். எல்-டிரிப்டோஃபான் அதற்கு ஒரு படி முன்னால் இருக்கும் பொருள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூ மூலிகையும், சேம் என்று சுருக்கிச் சொல்லும் எஸ்-அடினோசில்மெத்தியோனினும் இதே பக்கம்தான். இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும், டிராமடால் என்ற வலி மாத்திரையும் சப்ளிமென்ட் இல்லை, ஆனாலும் இதே வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கல்லீரல் மருந்தை வெளியேற்றும் வேகத்தை இது மாற்றுமா? கல்லீரலில் இருக்கும் என்சைம்கள் நாம் விழுங்கும் மருந்தைச் சிதைத்து அனுப்புகின்றன. சில பொருள் அவற்றை முடுக்கிவிடும், அப்போது மருந்து சீக்கிரம் கரைந்து வேலை செய்யாமல் போகும். சில பொருள் மெதுவாக்கிவிடும், அப்போது அதே மாத்திரை கூடுதல் டோஸ் போட்டதுபோல் ஆகும். மஞ்சள் சத்தான குர்குமின் காப்ஸ்யூல்களில் நன்றாக உறிஞ்சப்படுவதற்காகச் சேர்க்கும் பைபரின் அப்படி மெதுவாக்கும் ரகம். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெய் சிட்டாலோபிராமின் அளவை ரத்தத்தில் கூட்டும். எதிர்த்திசையிலும் நடக்கும்: ஃபுளுவோக்சமைன் எடுப்பவர் தூக்கத்துக்கு மெலடோனின் போட்டால், மெலடோனின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும், மறுநாள் மதியம் வரை தலை தொங்கும். அதே மாத்திரை காஃபீனையும் விடாது, சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகக் குறைய வேண்டிய காஃபீன் 31 மணி நேரம் எடுத்துக்கொள்வதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இரவெல்லாம் தூக்கம் வராமல் அதற்கு ஒரு சப்ளிமென்ட் தேடுகிறவருக்கு உண்மையான காரணம் காலையில் குடித்த காபியாக இருக்கலாம்.

மூன்றாவது, இரண்டுக்கும் ஒரே பக்கவிளைவா? மிர்ட்டாசபின் ஏற்கெனவே தூக்கம் தரும், அதோடு வலேரியன் என்ற தூக்க மூலிகையோ அஸ்வகந்தாவோ சேர்ந்தால் அசதி இரட்டிப்பாகும், வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். வென்லாஃபாக்சின் ரத்த அழுத்தத்தைக் கூட்டலாம், அதன்மேல் காஃபீன் நிறைந்த கொழுப்புக் கரைப்பான்கள் வேண்டாம். புப்ரோபியான் அதிக அளவில் வலிப்பைத் தூண்டக்கூடியது, ஊக்கம் தரும் பொருட்கள் அதோடு சேரக் கூடாது. ரத்தக்கசிவு பலருக்கும் தெரியாத ஒன்று. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கும் செரட்டோனின் தேவை, எஸ்.எஸ்.ஆர்.ஐ. அதை அவற்றுக்குக் கிடைக்காமல் செய்கிறது. இதற்குமேல் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் கசியும் வாய்ப்பு கூடும். கிங்கோ என்ற மூலிகை, அதிக அளவு வைட்டமின் ஈ, மிக அதிக அளவு மீன் எண்ணெய் ஆகியவற்றை அந்தக் கூட்டணியில் சேர்க்காமல் இருப்பது நல்லது. ஈறில் ரத்தம், காரணமில்லாமல் நீலத் தழும்பு, கறுப்பாக மலம் இவை தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்பவை

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் முதலிடம். இது ஏமாற்று மூலிகை இல்லை, லேசான, நடுத்தர மனச்சோர்வில் மாத்திரைக்கு நிகராக வேலை செய்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலை செய்வதால்தான் ஆபத்து. ஒரு பக்கம் செரட்டோனினைக் கூட்டும், இன்னொரு பக்கம் கல்லீரல் என்சைமை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளைக் கரைத்துவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்கான சைக்ளோஸ்போரின், எச்.ஐ.வி. மருந்துகள் என்று அது பலவீனமாக்கும் மருந்துகளின் வரிசை நீளமானது. நிறுத்திய பிறகும் ஏறக்குறைய இரண்டு வாரம் அந்த விளைவு நீடிக்கும். மூலிகையா மாத்திரையா என்று டாக்டரோடு பேசி ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், இரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது.

5-ஹெச்.டி.பி., டிரிப்டோஃபான் பற்றி என் அனுபவமே போதும். டிரிப்டோஃபானுக்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. 1989-இல் அமெரிக்காவில் அதை எடுத்த 1500-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான தசை வலியோடு ஒரு நோய் வந்தது, பலர் இறந்தார்கள். ஒரு தயாரிப்பில் கலந்திருந்த அசுத்தப் பொருளோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். சப்ளிமென்ட் விஷயத்தில் பொருள் எது என்பதோடு யார், எப்படித் தயாரித்தார்கள் என்பதும் முக்கியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எடை குறைக்கும் காப்ஸ்யூல்களும் இங்கேதான் வருகின்றன. மிர்ட்டாசபினிலும் பராக்ஸெட்டினிலும் எடை கூடுவது நடக்கும், கண்ணாடி முன்னால் நின்று மனம் நொந்து அந்தக் காப்ஸ்யூலைத் தேடுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் "முழுக்க இயற்கை" என்று விற்ற பல காப்ஸ்யூல்களில் சிபுட்ரமின் என்ற மருந்து ஒளிந்திருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கிக்கொள்ளப்பட்ட மருந்து அது, செரட்டோனினையும் தொடுகிற மருந்து. டப்பாவில் பெயர்கூட இருக்காது என்பதால் எவ்வளவு கவனமாகப் படித்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

யாரும் வாய்விட்டுப் பேசாத இன்னொன்று, யோஹிம்பைன், மரப்பட்டையிலிருந்து எடுத்துப் பாலியல் ஊக்கத்துக்கென்று விற்கும் பொருள். இந்த மாத்திரைகளால் பாலியல் ஆர்வம் குறைவதும் உச்சம் தாமதமாவதும் நிறைய பேருக்கு நடக்கிறது, டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு இதை ரகசியமாக வாங்குகிறார்கள். இது ரத்த அழுத்தத்தையும் படபடப்பையும் கூட்டும், ஏற்கெனவே பதற்றத்தோடு இருப்பவருக்கு நெருப்பில் எண்ணெய். தயவுசெய்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் இதைத் தினமும் கேட்கிறவர்கள், டோஸ் குறைப்பது, மருந்தை மாற்றுவது என்று வழிகள் உண்டு.

பதற்றத்துக்கென்று விற்கும் காவா என்ற மூலிகையையும் விட்டுவிடுங்கள், கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அஸ்வகந்தாவை இவற்றோடு சேர்க்க மாட்டேன், ஆனாலும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் சொல்ல மாட்டேன். தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம், கல்லீரல் பாதிப்பும் சிலருக்கு வந்திருக்கிறது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் தொட வேண்டாம்.

பெரும்பாலும் ஒத்துப்போகிறவை

ஒமேகா-3-க்குத்தான் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது, மாத்திரைக்குத் துணையாக. ஆனால் டப்பா வாங்கும்போது ஒரு இடத்தில் எல்லோரும் ஏமாறுகிறோம். "1000 மி.கி. மீன் எண்ணெய்" என்று முன்னால் போட்டிருக்கும், பின்னால் பார்த்தால் சாதாரண காப்ஸ்யூலில் ஒமேகா-3-இன் இரண்டு வகைகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மி.கி.தான் இருக்கும். மனச்சோர்வுக்குப் பயன்பட்டதாகச் சொல்லும் ஆய்வுகளில் நாளுக்கு 1 முதல் 2 கிராம் இ.பி.ஏ. கொடுத்தார்கள். அதாவது சாதாரண காப்ஸ்யூலில் ஐந்தாறு போட்டால்தான் 1 கிராமைத் தொடும். அதனால் இ.பி.ஏ. அதிகமுள்ளதாகப் பார்த்து, சாப்பாட்டோடு எடுங்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

வைட்டமின் டி, பி12 இரண்டையும் முதலில் ரத்தத்தில் பார்த்துவிடுவது என் விருப்பம். பி12 குறைந்தாலே அசதியும் மனத் தளர்வும் மறதியும் வரும், குறைவு இருந்தால் அதை நிரப்புவது சிகிச்சை, குறைவே இல்லாதவருக்குப் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. டி வைட்டமினைப் பெரியவர்கள் நாளுக்கு 4000 யூனிட்டுக்கு மேல் டாக்டர் சொல்லாமல் எடுக்கக் கூடாது, கூடினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். ஃபோலேட்டை மட்டும் தனியாக அதிகமாக எடுத்தால் பி12 குறைவு வெளியே தெரியாமல் மறைந்துபோகும். எல்-மெத்தில்ஃபோலேட் என்ற வடிவத்தை 15 மி.கி. அளவில் டாக்டர்களே சிலருக்கு மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதுண்டு.

துத்தநாகம் மொத்தத்தில் நாளுக்கு 40 மி.கி.யைத் தாண்ட வேண்டாம், தொடர்ந்து அதிகம் எடுத்தால் தாமிரம் குறைந்துவிடும். மக்னீசியம் அதிகமானால் வயிறு போகும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. தைராய்டு மாத்திரையும் எடுப்பவர்கள் இரும்பு, கால்சியம், மக்னீசியத்தை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

சேம் பற்றியும் ஒரு வார்த்தை. மாத்திரையோடு சேர்த்துப் பலன் கண்ட ஆய்வு இருக்கிறது, அது டாக்டர் மேற்பார்வையில் நடந்தது. இருமுனை நோய், அதாவது பைபோலார் உள்ளவர்களை இது அளவுமீறிய உற்சாகமும் பரபரப்புமான மேனியா நிலைக்குத் தள்ளிவிடலாம். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது

"இதை எடுக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "தேவையில்லை" என்று பதில் வந்து பேச்சு முடிந்துவிடும். தாளை நீட்டி, "நான் செர்ட்ராலின் 50 எடுக்கிறேன், இந்தப் பொருளை இந்த அளவில் இந்தக் காரணத்துக்காகச் சேர்க்க நினைக்கிறேன், என் மாத்திரையோடு மோதுமா, எத்தனை வாரம் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்வது முக்கியம். தூக்கத்துக்காக என்றால், மாத்திரையை இரவிலிருந்து காலைக்கு மாற்றினாலே சரியாகிவிடலாம், எனக்கு அதுதான் நடந்தது. டாக்டரைப் பார்க்க நாளாகும் என்றால் மருந்துக் கடையில் இருக்கும் மருந்தாளுநரிடம் தாளைக் காட்டுங்கள், மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்ப்பது அவர்கள் படித்த படிப்பு. கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், மனநிலையைச் சீராக்கத் தரும் லித்தியம் எடுப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. லித்தியம் எடுப்பவர் சிறுநீரை அதிகப்படுத்தும் மூலிகையைச் சேர்த்தால் லித்தியம் ரத்தத்தில் தேங்கி நஞ்சாகலாம்.

ஆரம்பிக்கும்போது

ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. மாத்திரையின் டோஸ் மாறியிருந்தால் அது நிலைப்பட நான்கு முதல் ஆறு வாரம் விட்டு, பிறகு சப்ளிமென்ட்டைச் சேருங்கள். ஒரே வாரத்தில் மூன்றைச் சேர்த்துவிட்டுத் தலைவலி வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்த அளவில் ஆரம்பியுங்கள், ஒரே நேரத்தில் எடுங்கள், ஒரு சின்ன நோட்டில் தினம் இரண்டு வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரத் தூக்கம், மனநிலை பத்துக்கு எத்தனை, புதிதாக உடம்பில் ஏதாவது. எட்டு வாரத்தில் நோட்டில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள், பணமாவது மிஞ்சும்.

சப்ளிமென்ட்டால் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். பராக்ஸெட்டினும் வென்லாஃபாக்சினும் திடீரென நின்றால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு எல்லாம் வரும். நோய் திரும்பிவிட்டது என்று அதைத் தவறாக நினைத்து மனம் உடைந்தவர்கள் உண்டு. குறைப்பதென்றால் டாக்டர் சொல்லும் வேகத்தில்தான்.

எப்போது ஓட வேண்டும்

புதிதாக ஒன்றைச் சேர்த்த, அல்லது டோஸ் கூட்டிய முதல் 24 மணி நேரம் கவனமாக இருங்கள், செரட்டோனின் மிகையானால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாத பரபரப்பு, வேகமான இதயத் துடிப்பு, விரிந்த கண்மணி, தசைகள் தானாகத் துடிப்பது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அடுத்த வேளை சப்ளிமென்ட்டையோ மாத்திரையையோ போடுவதற்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் கடுமையாக ஏறினாலோ, உடம்பு விறைத்தாலோ, பேச்சு குழம்பினாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள், டப்பாக்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அல்லது இருந்தது அதிகமானால், அன்றைக்கே டாக்டரையோ அவசர உதவியையோ கூப்பிடுங்கள், அருகில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். மாத்திரை ஆரம்பித்த முதல் வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம், இந்த எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அதற்கு எந்த சப்ளிமென்ட்டும் பதில் இல்லை.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். முடிக்கான மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின், தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே தவறாகக் காட்டிவிடும், மனச்சோர்வுக்குப் பார்க்கும்போது அந்தப் பரிசோதனையும் அடிக்கடி எழுதுவார்கள், அதனால் அதை எடுக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை இருந்தால், பல் பிடுங்குவது உட்பட, ரத்தக்கசிவைக் கூட்டும் சப்ளிமென்ட்களை எப்போது நிறுத்துவது என்று இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். எழுதிய அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வையுங்கள், வீட்டில் ஒருவருக்கும் காட்டிவையுங்கள். அவசரத்தில் நம்மால் பேச முடியாமல் போனால், "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறாரா?" என்ற கேள்விக்கு அவர்கள் அதை எடுத்துக் கொடுப்பார்கள்.